நேத்து பல் வெண்மையாக்கினேன், காத்து பட்டாலே கூசுது. கல்யாணத்துக்கு 19 நாள்தான் இருக்கு

தோவாளைப்பூ · ஞாயிறு, காலை 7.40

எல்லாருக்கும் வணக்கம். இந்த மாசக் கடைசியில எனக்குக் கல்யாணம். நேத்து சாயங்காலம் நாகர்கோவில்ல ஒரு கிளினிக்ல பல் வெண்மையாக்கினேன். ஜெல்லைப் பூசி நீல வெளிச்சத்தைக் காட்டி, கால் மணி நேரம் வீதம் மூணு தடவை செஞ்சாங்க. அங்க இருந்தப்ப பெருசா ஒண்ணும் தெரியல்ல. வடசேரியில பஸ் ஏறி ஜன்னல் ஓரமா உக்காந்தேன். வெள்ளமடம் தாண்டி ஆரல்வாய்மொழிக் காத்து முகத்துல அடிச்சதும் முன்பல்லு ரெண்டுலயும் கரண்டு வச்ச மாதிரி சுரீர்னு ஏறிச்சு. அப்புறம் வீடு வரைக்கும் வாயைத் தொறக்கல்ல. ராத்திரி நாலஞ்சு தடவை அதே மாதிரி வந்து வந்து போச்சு.

மேல் ஈறுல ஒரு இடத்துல வெள்ளையா தோல் உரிஞ்ச மாதிரி இருக்கு. இடது பக்கம் முன்பல்லுல காலேஜ் படிக்கும்போது அடைச்ச ஒரு ஃபில்லிங் உண்டு. சுத்தி உள்ள பல்லெல்லாம் வெளுத்ததுல இப்ப அது மட்டும் மஞ்சளா எடுத்துக்காட்டுது.

கிளினிக்ல “ரெண்டு நாள் டீ காப்பி குடிக்காதீங்க”ன்னு சொல்லி ஒரு மவுத்வாஷ் குடுத்தாங்க. வேற ஒண்ணும் சொல்லல்ல. போன் அடிச்சா திங்கக்கிழமை வரச் சொல்லுதாங்க. வீட்ல இப்பவே சொந்தக்காரங்க வரத் தொடங்கியாச்சு. அம்மா தீயலும் மீன்கறியுமா வைக்கிறாங்க, குடிக்கப் பதிமுகம் போட்ட தண்ணி. நான் என்னத்த சாப்பிடணும், எதைத் தொடக்கூடாது, இந்தக் கூச்சம் எப்ப போகும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

கட்டஞ்சாயா · ஞாயிறு, காலை 8.15

தங்கச்சி, பயப்படாண்டாம். ரெண்டு வருசம் முன்ன மார்த்தாண்டத்துல நானும் செஞ்சேன். எனக்கும் இதேதான், சும்மா இருக்கும்போதே ஒரு பல்லுல மின்னல் மாதிரி வெட்டி அடுத்த நொடியில போயிரும். முதல் நாள் ராத்திரி ரொம்ப இருந்துச்சு, மூணாம் நாள் நல்லாக் கொறஞ்சுது, அஞ்சாம் நாள் மறந்தே போச்சு.

கூச்சத்துக்குன்னே விக்கிற பேஸ்ட் வாங்குங்க, ஆனா அதைப் போட்டுத் தேய்க்காண்டாம். விரல்ல ஒரு பட்டாணி அளவு எடுத்துக் கூசுற பல்லு மேல பைய தடவி அஞ்சு நிமிசம் விட்டுட்டு, துப்ப மட்டும் செய்யுங்க, வாய் கொப்பளிக்காதீங்க. எனக்கு அதுதான் கேட்டுது. தண்ணி, கஞ்சி எல்லாம் வெதுவெதுப்பா இருக்கட்டும். ஐஸும் வேண்டாம், ஆவி பறக்கச் சூடும் வேண்டாம்.

---

வேளிமலை · ஞாயிறு, காலை 9.02

மக்களே, எனக்கு வயசு 64. இன்னைக்கு வரைக்கும் ஒரு பல்லு போகல்ல. சின்னதுல இருந்து உமிக்கரிதான். நெல் உமியைக் கருக்கி, கொஞ்சம் உப்பும் நல்லமிளகும் சேத்து இடிச்சு அம்மா டப்பாவுல போட்டு வைப்பாங்க. மாவிலையைச் சுருட்டி அதுல தொட்டுத் தேய்ப்போம். கெமிக்கல் பட்ட பல்லுக்கு நாலு நாள் உமிக்கரி தேய்ச்சா அந்த விஷமெல்லாம் எடுத்திரும், வெள்ளையும் நிக்கும். என் மகளுக்கும் இதைத்தான் சொல்லுவேன்.

---

சிற்றாறு · ஞாயிறு, காலை 10.30

நான் பல் மருத்துவர், மேற்குப் பக்கம் ஒரு சின்ன ஊர்ல பதினொரு வருசமா பார்க்கிறேன். தோவாளைப்பூ, உங்க வாயை நான் பார்க்கல, அதனால பொதுவாத்தான் சொல்ல முடியும். ஆனா வேளிமலை ஐயா சொன்னதுக்கு முதல்ல பதில் சொல்லணும், ஏன்னா அதை இன்னைக்கு நீங்க செஞ்சிரக்கூடாது. ஐயா, கோவிச்சுக்காதீங்க. உமிக்கரியை இப்பத் தொடவே கூடாது.

பல்லுக்குள்ள என்ன நடந்திருக்குன்னு தெரிஞ்சா காரணம் விளங்கும். அந்த ஜெல் ஹைட்ரஜன் பெராக்சைடு. கிளினிக்ல பூசுறது பெரும்பாலும் 35 முதல் 40 சதவீதம் இருக்கும். அது பல்லோட மேல்பூச்சைச் சுரண்டி எடுக்கிறதில்ல. எனாமலுக்குள்ள ஊடுருவி, அதுக்குக் கீழ மஞ்சளா இருக்கிற டென்டின் வரைக்கும் போய், அங்க உள்ள நிறப்பொருளை உடைச்சு நிறமில்லாத சின்னத் துண்டுகளா ஆக்குது. போற வழியில டென்டின்ல இருக்கிற நுண்குழாய்கள் வழியா நரம்பையும் எட்டிப் பார்க்கும். போதாததுக்கு, வாயைத் தொறந்து வச்சு ஒரு மணி நேரம் எச்சில் படாம இருந்ததுல பல்லும் வறண்டு போயிருக்கும். அதான் காத்துப் பட்டதும் சுரீர்னு ஏறுது. பெரும்பாலும் முதல் 24 மணி நேரம், மிஞ்சினா 48 மணி நேரம் அதிகமா இருந்து, சில நாள்ல தானா அடங்கும். வெளியே போனா ஒரு துணியை வாய் மேல போட்டுக்கோங்க, உங்க ஊர்க் காத்துக்கு அது நல்லது.

கட்டஞ்சாயா சொன்ன பேஸ்ட் முறை சரி. பொட்டாசியம் நைட்ரேட் 5 சதவீதம்னு டியூப்ல போட்டிருக்கான்னு பாருங்க. அது நரம்போட துடிப்பைத் தணிக்கிறது, ஃப்ளோரைடும் சேர்ந்து இருந்தா நுண்குழாய் வாயை அடைக்க உதவும். வேற நோயோ மருந்து ஒவ்வாமையோ இல்லேன்னா இன்னைக்கு ஒரு பாரசிட்டமால் போட்டுக்கலாம்.

ஈறுல வெள்ளையா இருக்கிறது ஜெல் பட்ட சின்னப் பொசுங்கல். ஈறை மூடி வைக்கிற பூச்சு அந்த இடத்துல விலகியிருக்கும். பெரும்பாலும் ஒன்னு ரெண்டு நாள்ல போயிரும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணி வச்சு மெதுவா அலசுங்க, காரத்தை அந்த இடத்துல படவிடாதீங்க. புண்ணாகி நாலஞ்சு நாள் நின்னா நேர்ல காட்டணும்.

இனி நிறம். முதல் 48 மணி நேரம் சாயம் உள்ள எதுவும் வேண்டாம்னு சொல்றது வழக்கம். டீ, காப்பி, மஞ்சள், மிளகாய்த்தூள், பீட்ரூட், நாவப்பழம், மாதுளை. நீங்க சொன்ன பதிமுகத் தண்ணியும் இதுல சேரும், அதோட இளஞ்சிவப்பே மரத்தோட சாயந்தான். ரெண்டு நாளைக்கு ஒரு பானையில வெறும் வெந்நீர் தனியா வச்சுக்கோங்க. சாயத்தை விட எனக்குப் பெரிய கவலை புளிப்புதான். எலுமிச்சை போட்ட சர்பத், கோலா, நெல்லிக்காய், புளி கூடின கறி. பிஎச்னா புளிப்பை அளக்கிற எண், எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். அது சுமார் 5.5-க்குக் கீழ போனா எனாமல்ல இருக்கிற தாது கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாறு 2-க்கும் 2.5-க்கும் நடுவுல. தெரியாம புளிப்பு சாப்பிட்டாச்சுன்னா உடனே பிரஷை எடுக்காதீங்க. தண்ணியில கொப்பளிச்சு அரை மணி நேரம் எச்சிலுக்கு விடுங்க.

அந்த மவுத்வாஷ் என்னது? பாட்டில்ல சின்ன எழுத்துல உள்ளதைப் பார்த்துச் சொல்லுங்க.

---

தோவாளைப்பூ · ஞாயிறு, காலை 11.05

டாக்டர், ரொம்ப நன்றி. பாட்டில்ல குளோர்ஹெக்சிடின் குளூக்கோனேட் 0.2 சதவீதம்னு போட்டிருக்கு. காலையும் ராத்திரியும் கொப்பளிக்கச் சொன்னாங்க. எத்தனை நாள்னு சொல்லல்ல. இன்னைக்குக் காலையில ஒரு தடவை கொப்பளிச்சாச்சு.

---

சிற்றாறு · ஞாயிறு, காலை 11.20

நினைச்சேன். ஈறு வீக்கத்துக்கு நாங்களே எழுதிக் குடுக்கிற நல்ல மருந்துதான் அது. ஆனா நாள்கணக்கா கொப்பளிச்சா பல்லு மேல பழுப்புக் கறை படியும், நாக்குலயும் படியும். கூட டீயும் குடிச்சா இன்னும் சீக்கிரம். வெண்மையாக்கின பல்லுக்கு அதைக் கணக்கில்லாம குடுக்கக்கூடாது. ஒரு தடவை கொப்பளிச்சதால ஒண்ணும் ஆகாது, மனசுல போட்டுக்காதீங்க. நாளைக்கு கிளினிக்கைக் கூப்பிட்டு, ‘எதுக்காகக் குடுத்தீங்க, எத்தனை நாள்’னு ரெண்டே கேள்வி கேளுங்க. ஈறுக்காகன்னு சொன்னா உப்புத் தண்ணி போதுமான்னு கேளுங்க. பெரும்பாலும் போதும்னுதான் சொல்வாங்க.

---

முட்டம் அலை · ஞாயிறு, பகல் 12.45

மக்களே, எங்க வீட்ல மூணு நேரமும் மீன்தான், மகளுக்கு இதே மாதிரி செஞ்சப்போ நானும் முழிச்சேன். அதனால சாப்பாட்டு விசயம் நான் சொல்லுதேன்.

நெய்மீனோ பாறையோ துண்டு போட்டு, சின்ன உள்ளி, இஞ்சி, பச்சைமொளவு கீறிப் போட்டு, தேங்காப்பால்ல வேகவைங்க. கறிவேப்பிலையும் நல்லமிளகும் உப்பும் போதும். மஞ்சப்பொடி, மொளவுப்பொடி, புளி மூணும் கிடையாது. அதோட பேரு எங்க வீட்ல வெள்ளைக்கறி. ஈறு புண்ணா இருந்தா பச்சைமொளவைக் கொறச்சுக்கிடுங்க. ஆப்பம், இடியாப்பம் எது கூடவும் சேரும். மரச்சீனிக்கிழங்கை உப்புப் போட்டு அவிச்சு, தேங்காயும் பச்சைமொளவும் வச்சு வெள்ளைச் சம்மந்தி அரைச்சுத் தொட்டுக்கலாம். கஞ்சியும் தேங்காத் தொவையலும் ஆகும். பழத்துக்கு மட்டிப்பழம், கையால பிச்சு சின்னதா சாப்பிடுங்க, முன்பல்லுல கடிக்காண்டாம். இளநீர், நுங்கு எல்லாம் பிரச்சினையில்ல, ஆனா பிரிட்ஜ்ல வச்சது வேண்டாம்.

அம்மாட்ட சொல்லுங்க, ரெண்டு நாள் தீயல் வைக்காட்டாலும் சொந்தக்காரங்க ஒண்ணும் நினைக்க மாட்டாங்க. எல்லாருக்கும் சேத்தே வெள்ளைக்கறி வச்சிட்டா உங்க ஒருத்திக்குன்னு தனியாச் சமைக்கிற சோலியும் இல்ல. வீட்டுல இத்தனை ஆளு இருக்கும்போது தனித்தட்டு போட்டா கல்யாணப்பொண்ணுக்கு என்னன்னு எல்லாரும் கேப்பாங்க.

---

வேளிமலை · ஞாயிறு, மாலை 5.10

டாக்டரம்மா சொன்னதுல எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல. ஆனா கேக்கணும்னு தோணுது. உமிக்கரி கெடுதல்னா எங்க தலைமுறை எப்படிப் பல்லோட இருக்கு? என் அப்பா 80 வயசுல முறுக்கு கடிச்சவர். பேஸ்ட் கம்பெனிக்காரங்களும் இப்பக் கரி போட்ட பேஸ்ட்னு விக்கிறாங்களே. அதை மட்டும் நல்லதுன்னு சொல்லுவீங்களா?

---

சிற்றாறு · ஞாயிறு, இரவு 8.50

ஐயா, கேட்டது நல்ல கேள்வி. கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

முதல்ல, கரி போட்ட பேஸ்ட்டை நான் நல்லதுன்னு சொல்லவே மாட்டேன். அதுவும் உரசுற பொருள்தான், புட்டி மட்டும் புதுசு.

உமியில சிலிக்கா நிறைய உண்டு. கருக்கினாலும் அது மாறாது, கண்ணுக்குத் தெரியாத மணலா அங்கேயே இருக்கும். பல்லு மேல படிஞ்ச கறையை அது நல்லாவே எடுக்கும், அதனாலதான் தேய்ச்சதும் வெள்ளையாத் தெரியுது. ஆனா கறையோட சேர்த்து பல்லையும் கொஞ்சங் கொஞ்சமா எடுக்கும். எனாமல் திரும்ப வளராது. மேல எனாமல் மெலிஞ்சா கீழ இருக்கிற டென்டினோட மஞ்சள்தான் தூக்கித் தெரியும். வெள்ளைக்காகத் தேய்க்கத் தேய்க்கப் பல்லு மஞ்சளாகிறது அப்படித்தான்.

உங்க அப்பா காலத்துல பாட்டில் பானமும் பிஸ்கட்டும் இந்த அளவுக்கு இல்ல. பல்லு நிலைச்சதுக்கு அந்தச் சாப்பாட்டுக்கும் பெரிய பங்கு உண்டு. நீங்க ஒன்னு செஞ்சு பாருங்க. கண்ணாடி முன்னால நின்னு மேல் உதட்டைத் தூக்கி, கோரைப்பல்லும் அதுக்கு அடுத்த பல்லும் ஈறைத் தொடுற இடத்துல நகத்தை வச்சு மேலும் கீழுமா இழுத்துப் பாருங்க. நகம் ஒரு பள்ளத்துல தட்டுதா?

தோவாளைப்பூவுக்கு இது இன்னும் முக்கியம். வெண்மையாக்கின சில நாளைக்குப் பல்லோட மேல்பரப்பு வழக்கத்தை விடக் கொஞ்சம் மென்மையா இருக்கலாம். எச்சில்ல இருக்கிற கால்சியமும் பாஸ்பேட்டும் திரும்ப ஏறி அதைச் சரியாக்கும். அந்த நேரத்துல எதைப் போட்டும் உரசக்கூடாது. உமிக்கரி, சாம்பல், செங்கல்பொடி, சமையல் சோடா, ‘ஒயிட்னிங்’னு போட்ட பேஸ்ட் எல்லாத்துக்கும் இதேதான். மெல்லிய நாரு உள்ள பிரஷ், சாதா ஃப்ளோரைடு பேஸ்ட், பென்சிலைப் பிடிக்கிற மாதிரி மூணு விரல்ல பிடிச்சு வட்டவட்டமா. முஷ்டியில பிடிச்சாலே அழுத்தம் கூடிரும்.

---

வேளிமலை · ஞாயிறு, இரவு 9.30

பாத்தேன். தட்டுது. ரெண்டு பக்கமும். வலது பக்கம் நல்ல பள்ளம். தண்ணி குடிக்கும்போது அங்கதான் கூசும், வயசாச்சுன்னு விட்டிருந்தேன்.

---

சிற்றாறு · ஞாயிறு, இரவு 9.36

அது குறுக்காப் பல வருசம் அழுத்தித் தேய்ச்சதுல வர்ற பள்ளம் ஐயா. பல்லு நிறத்துலயே அடைச்சிரலாம், ஊசி கூட வேண்டியிருக்காது. ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ்ல பல் பிரிவுல காட்டுங்க, இல்லேன்னா குலசேகரத்துல பல் மருத்துவக் கல்லூரி இருக்கு. தள்ளிப் போடாதீங்க, பள்ளம் ஆழமாகி நரம்பை நெருங்கினா வேலை பெருசாயிரும்.

---

ரப்பர்பால் · திங்கள், காலை 6.20

பால் வெட்டிட்டு வந்து இதைப் படிச்சேன். தோவாளைப்பூ, உங்களைப் பயமுறுத்தச் சொல்லல்ல, ஆனா எனக்கு நடந்ததைச் சொல்லியே ஆகணும்.

போன வருசம் ஒரு இடத்துல போய் வெண்மையாக்கினேன். செய்யுறதுக்கு முன்ன வாயைத் தொறந்து விளக்கடிச்சுப் பாத்ததோட சரி. எக்ஸ்ரே எடுக்கல்ல. பழைய அடைப்பு ஒண்ணு ஓரத்துல விட்டுப்போயிருக்கு, அது எனக்கும் தெரியாது. மத்த பல்லெல்லாம் மூணு நாள்ல சரியாச்சு. அந்த ஒரு பல்லு மட்டும் விண்ணு விண்ணுன்னு ஒரு வாரம். படுத்தா கூடும், ராத்திரி தூக்கமே கிடையாது. கேட்டதுக்குக் ‘கூச்சம்தான், பேஸ்ட் தடவுங்க’ன்னே சொல்லிட்டு இருந்தாங்க. கடைசியில வேற டாக்டர்ட்ட போய் எக்ஸ்ரே எடுத்தா உள்ள சொத்தை நரம்பு வரைக்கும் போயிருக்கு. ரூட் கேனால் பண்ணி கேப் போட வேண்டியதாச்சு. அதுக்கு ஆன செலவை நினைச்சா இன்னைக்கும் மனசு ஆறல்ல. முன்னமே ஒரு எக்ஸ்ரே எடுத்திருந்தா சின்ன அடைப்போட போயிருக்கும்.

---

சிற்றாறு · திங்கள், காலை 7.15

ரப்பர்பால் சொன்னதை எல்லாரும் ஓர்மையில வச்சுக்கோங்க. சாதாரணக் கூச்சம் பல பல்லுல வரும், வெட்டிட்டுப் போகும், நாளுக்கு நாள் குறையும். ஒரே பல்லுல நின்னு வலிக்கிறது, தானா துடிக்கிறது, படுத்தா கூடுறது, கடிச்சா வலிக்கிறது, வீக்கம், ஒரு வாரம் தாண்டியும் குறையாதது, இதுல எது இருந்தாலும் பேஸ்ட் தடவிக்கிட்டு வீட்ல இருக்கக்கூடாது.

---

பழையாறு · திங்கள், காலை 10.40

என் மகளுக்கு 16 வயசு. பள்ளிக்கூடத்துல யாரோ கிண்டல் பண்ணுனாங்கன்னு மெடிக்கல் ஷாப்ல ஹைட்ரஜன் பெராக்சைடு வாங்கி, எலுமிச்சையும் சோடாவும் கலந்து தேய்ச்சிருக்கா. வீடியோ பாத்துட்டுச் செஞ்சதாம். இப்ப ஈறெல்லாம் எரியுதுன்னு அழுகிறா. நேத்து ராத்திரிதான் சொன்னா. என்ன செய்ய?

---

சிற்றாறு · திங்கள், காலை 10.52

உடனே நிப்பாட்டச் சொல்லுங்க. நிறையத் தண்ணியில கொப்பளிக்கட்டும். முழுங்கலையேன்னு கேட்டுக்கோங்க. முழுங்கியிருந்தா, இல்ல வயித்து வலி, வாந்தி இருந்தா நேரா ஆஸ்பத்திரி. இல்லேன்னாலும் இன்னைக்கே ஒரு பல் டாக்டர் ஈறைப் பார்க்கட்டும். புண்ணைக் கழுவ விக்கிற பெராக்சைடும் பல்லுக்குன்னு செஞ்ச ஜெல்லும் ஒன்னில்ல. தண்ணியா இருக்கிறது ஈறு, நாக்கு, தொண்டைன்னு எல்லா இடத்துலயும் ஓடும். எலுமிச்சை எனாமலை இளக்கி விடும், மேல சோடா வச்சு உரசினா அது அப்படியே போகும்.

ஐரோப்பிய ஒன்றியத்துல 0.1 சதவீதத்துக்கு மேல பெராக்சைடு உள்ள வெண்மையாக்கிகளை 18 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்குப் பயன்படுத்தக்கூடாதுன்னே 2012 முதல் விதி இருக்கு. இந்த வயசுல பல்லுக்குள்ள நரம்பு அறை பெருசா இருக்கும், அதனால கூச்சமும் கூட. மகளைத் திட்டாதீங்க. கிண்டல் பண்ணுனதுலதான் அவ அங்க போயிருக்கா. முதல்ல ஒரு கிளீனிங் செஞ்சா பாதி மஞ்சள் போயிரும்னு சொல்லிக் கூட்டிட்டுப் போங்க.

---

பழையாறு · திங்கள், மாலை 6.30

கூட்டிட்டுப் போய்க் காட்டினேன் டாக்டர். மேலோட்டமான பொசுங்கல்தான், ஒரு வாரத்துல ஆறிரும்னு சொன்னாங்க. அடுத்த மாசம் கிளீனிங். வீட்டுக்கு வர்ற வழியில அவளே பாட்டிலைத் தூர எறிஞ்சா.

---

தோவாளைப்பூ · புதன், காலை 8.05

நாலாம் நாள். கூச்சம் முக்கால்வாசி போச்சு. ஈறும் ஆறிட்டு. முட்டம் அக்கா சொன்ன வெள்ளைக்கறியை அம்மா வச்சாங்க, சித்தப்பா ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கிளினிக்ல கேட்டதுக்கு மவுத்வாஷ் நிறுத்திரலாம்னு சொல்லிட்டாங்க.

ஆனா இப்ப வேற கவலை. சனிக்கிழமை கண்ணாடியில பாத்த வெள்ளை இப்ப இல்ல. நான் ஒண்ணும் தப்பாச் சாப்பிடல்ல, டீ தொடல்ல. அப்புறம் எப்படிக் கொறஞ்சுது? கிளினிக்ல இன்னொரு சிட்டிங் வாங்க, பாதி ரேட்டுக்குச் செஞ்சு தாறோம்னு சொல்லுதாங்க. வெள்ளிக்கிழமை போகட்டுமா?

---

சிற்றாறு · புதன், காலை 9.10

போகாதீங்க மக்களே.

சனிக்கிழமை நீங்க பாத்தது பாதி நிஜம். பல்லு வறண்டிருந்தா ஒளி வேற மாதிரி சிதறும், சுண்ணாம்பு மாதிரி வெளுப்பாத் தெரியும். நனைஞ்ச துணியும் காய்ஞ்ச துணியும் ஒரே நிறமா இருக்கா? எச்சில் ஊறி ஈரம் ஏறினதும் உண்மையான நிறத்துக்கு வரும். அது உங்க தப்பில்ல, சாப்பாட்டோட தப்பும் இல்ல. நிறம் நிலைக்க ஒன்னுலேர்ந்து ரெண்டு வாரம் ஆகும். இப்பவே இன்னொரு தடவை பூசினா, அடங்கின நரம்பை மறுபடி சீண்டி விட்ட மாதிரி ஆகும். கல்யாணத்தன்னைக்கு ஆரல்வாய்மொழிக் காத்துல வாயை மூடிக்கிட்டு நிக்கணும்.

செய்யுறதுக்கு முன்ன ஷேட் கார்டு வச்சுப் பாத்தாங்களா? பல்லு மாதிரியே வரிசையா 16 துண்டு இருக்கும். A3, A2, B1னு எழுத்தும் எண்ணும் போட்டிருக்கும், ஒரே எழுத்துல எண் குறைஞ்சா வெளுப்பு கூட. முன்ன எந்த எண், அப்புறம் எந்த எண்ணுன்னு கேட்டு வாங்குங்க. அதை வச்சுப் பாருங்க, சனிக்கிழமை ராத்திரி எடுத்த போட்டோவை வச்சுப் பார்க்காதீங்க.

நீல வெளிச்சத்தைப் பத்தியும் ஒரு வார்த்தை. வெளுக்க வைக்கிறது ஜெல். வெளிச்சத்தால கடைசி நிறத்துல பெரிய வித்தியாசம் வர்றதில்ல. எதிர்காலத்துல டச்-அப் செய்யணும்னா, உங்க பல்லுக்கு அளவெடுத்த ட்ரேயில 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல் வச்சு வீட்லயே செய்யுற முறை இருக்கு. 1989-ல மருத்துவ இதழ்ல வெளியான முறை அது. அந்த 10 சதவீதம் கிட்டத்தட்ட 3.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடுக்குச் சமம். நாள் அதிகம் எடுக்கும், ஆனா கூச்சம் குறைவு.

ஃபில்லிங் விசயம். பெராக்சைடு ஃபில்லிங்கையும் கேப்பையும் வெளுக்க வைக்காது, அதனாலதான் அது மட்டும் மஞ்சளாத் தெரியுது. மாத்தலாம், ஆனா உடனே வேண்டாம். பல்லுக்குள்ள தங்கியிருக்கிற ஆக்சிஜன், புது ஃபில்லிங் பசை ஒட்டிப் பிடிக்கிறதைத் தடுக்கும். ரெண்டு வாரம் கழிச்சுச் செய்யுங்க, நிறமும் அதுக்குள்ள நிலைச்சிருக்கும். உங்க கணக்குப்படி பதினஞ்சாம் நாள் செஞ்சாலும் கல்யாணத்துக்கு அஞ்சு நாள் மிச்சம்.

---

கட்டஞ்சாயா · புதன், இரவு 9.45

டாக்டர், ஒரு சந்தேகம். டீ காப்பி குடிச்சாலும் குடிக்காட்டாலும் வெண்மையாக்கின பலன்ல பெரிய வித்தியாசம் இல்லன்னு சில ஆராய்ச்சியில வந்திருக்குன்னு படிச்சேன். அப்ப இந்த 48 மணி நேரம் எல்லாம் சும்மாவா?

---

சிற்றாறு · வியாழன், காலை 7.00

நீங்க படிச்சது உண்மை. அப்படி முடிவு வந்த ஆய்வுகளும் உண்டு. அதனால யாராவது மறந்து ஒரு டம்ளர் சாயா குடிச்சா ‘எல்லாம் போச்சு’ன்னு நான் பயமுறுத்த மாட்டேன். இருந்தாலும் ரெண்டு நாள் தள்ளி வைக்கச் சொல்றேன். அதுல நஷ்டம் ஒண்ணும் இல்ல, கூசுற பல்லுல சூடு சாயா படாம இருக்கிறதே ஒரு ஆறுதல். அப்புறம் குடிக்கலாம், குடிச்சதும் ஒரு வாய் தண்ணி கொப்பளிச்சா போதும். நாள் முழுக்கச் சிப் சிப்பா குடிக்கிறதுதான் கறையைக் கூட்டும்.

ஆனா ஒரு விசயத்துல நான் கண்டிப்பாத்தான் இருப்பேன். கல்யாண வீட்டுல வெத்திலைத் தட்டு வைப்பாங்க. பாக்கு வேண்டாம். கறைக்காக மட்டும் சொல்லல்ல. பாக்கு புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-லயே வகைப்படுத்தியாச்சு, புகையிலை சேராட்டாலும். வாய் தொறக்க முடியாம இறுகிப் போன இளைஞர்களை நான் மாசத்துக்கு ஒருத்தராவது பாக்கிறேன்.

---

முட்டம் அலை · வியாழன், காலை 11.30

டாக்டரே, மகளுக்கு இப்ப நாலு மாசம். இரும்புச்சத்து டானிக் குடிக்கிறா, பல்லு கறுப்பாகுதுன்னு மறுபடி வெண்மையாக்கணும்னு நிக்கிறா.

---

சிற்றாறு · வியாழன், பகல் 1.15

வேண்டாம் அக்கா. கர்ப்ப காலத்துலயும் பால் குடுக்கிற காலத்துலயும் வெண்மையாக்கல் தள்ளித்தான் வைப்போம். டானிக் கறை மேலோட்டமானது, கிளீனிங்ல போயிரும். அவங்களைப் பார்க்கிற டாக்டர்ட்ட கேட்டு மாத்திரையா மாத்த முடியுமான்னு பாருங்க. டானிக்கே வேணும்னா ஸ்ட்ரா வச்சுக் குடிச்சுட்டு வாய் கொப்பளிக்கட்டும். இரும்புச்சத்தை மட்டும் நிறுத்திரக்கூடாது.

---

வேளிமலை · சனி, மாலை 4.20

ஆசாரிபள்ளத்துல காட்டினேன். மூணு பல்லுல அடைச்சாங்க. டாக்டரம்மா சொன்ன மாதிரி ஊசி போடல்ல. அங்க உள்ள பிள்ளை பென்சில் மாதிரி பிரஷ் பிடிக்கச் சொல்லிக் குடுத்துது. 64 வயசுல பல்லு தேய்க்கப் படிக்கிறேன். பேரனுக்கும் சொல்லிக் குடுத்தாச்சு. உமிக்கரி டப்பா அம்மா ஓர்மைக்கு அலமாரியில இருக்கு, அதை எடுக்கல்ல.

---

தோவாளைப்பூ · 22-ஆம் நாள், இரவு 10.15

கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது. இப்பதான் கொஞ்சம் நேரம் கிடைச்சுது.

ரெண்டாவது சிட்டிங் போகல்ல. எட்டாம் நாளுக்கு அப்புறம் நிறம் மாறவே இல்ல. ஷேட் நம்பர் கேட்டேன், முன்ன A3, இப்ப A1னு எழுதிக் குடுத்தாங்க. பதினஞ்சாம் நாள் ஃபில்லிங் மாத்தினேன், எது பழைய பல்லு எது ஃபில்லிங்னு எனக்கே தெரியல்ல. தாலி கட்டினப்போ எங்க ஊர்க் காத்து பந்தலையே ஆட்டிச்சு, பல்லு கூசல்ல. போட்டோ எல்லாத்துலயும் வாய் தொறந்துதான் சிரிச்சிருக்கேன்.

டாக்டர், ஒண்ணு மட்டும் கேக்கணும். மாமியார் வீடு தக்கலை. காலையில கருப்பட்டிக் காப்பி, சாயங்காலம் சாயா, மீன்கறி எல்லாம் வழக்கம்போலத்தான். இந்த நிறம் எவ்வளவு நாள் நிக்கும்? மறுபடி எப்ப செய்யலாம்?

---

சிற்றாறு · 23-ஆம் நாள், காலை 6.50

வாழ்த்துகள் மக்களே! ரொம்ப சந்தோசம்.

ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு ஆறு மாசத்துலயே மங்கத் தொடங்கும், சிலருக்கு ரெண்டு மூணு வருசம் நிக்கும். மீன்கறியும் காப்பியும் விடாண்டாம், சாப்பிட்டதும் தண்ணி கொப்பளிங்க. ராத்திரி படுக்கும் முன்ன பிரஷ் பண்ணாம தூங்காதீங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை செக்கப், தேவைப்பட்டா கிளீனிங். மங்கினதுன்னு தோணினா முதல்ல கிளீனிங் மட்டும் செஞ்சு பாருங்க, பல நேரம் மேல் கறைதான் இருக்கும். அதுக்கு அப்புறமும் வேணும்னா ஒரு வருசம் கழிச்சு ட்ரே முறையில. இடையில கர்ப்பம்னா முழுசா மறந்திருங்க.

தக்கலைக்கு வரும்போது அந்த வெள்ளைக்கறி ரெசிபியை மாமியாருக்கும் சொல்லுங்க. நான் நேத்து வச்சேன், முட்டம் அக்கா, பாறை கிடைக்கல்ல, விளமீன்ல வச்சேன்.

---

முட்டம் அலை · 23-ஆம் நாள், காலை 7.25

விளமீனும் ஆகும் டாக்டரே. ரெண்டாம் பாலை முதல்ல ஊத்தி மீனு வெந்தப்புறம் தலைப்பாலை ஊத்துங்க, தலைப்பால் கொதிக்கக்கூடாது.